நாக்கில்லாத வளையம்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், ரப்பரை இழுத்து அறுக்கிற வேலை என்பார் ரைன்ஹோல்ட் கிட்ஸிங். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார், ஏனென்றால் அது முழு உண்மை. சாலே ஆற்றங்கரையில் இருந்த அந்தப் பெரிய ஆலை செயற்கை ரப்பரைக் கட்டி கட்டியாகச் செய்து தள்ளியது. ஒவ்வொரு சரக்கிலிருந்தும் ஒரு துண்டு ஆய்வுக்கூடத்துக்கு வரும். அதோடு கந்தகமும் கரித்தூளும் சேர்த்து உருளைகளுக்கு நடுவே விட்டுப் பிசைந்து, அச்சில் வைத்து வேகவைத்துத் தகடாக்குவார்கள். தகட்டை ஒருநாள் ஆறப்போட வேண்டும். சூட்டோடு சோதித்தால் ரப்பர் பொய் சொல்லும். மறுநாள் அதிலிருந்து, நாய்க்குப் போடும் எலும்பு வடிவத்தில் துண்டுகள் வெட்டி, இரண்டு தலையையும் இயந்திரத்தின் கவ்விகளில் மாட்டி இழுப்பார் கிட்ஸிங்.

அறுந்த பிறகுதான் அவருடைய உண்மையான வேலை ஆரம்பிக்கும். அறுந்த முகத்தை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். உள்ளே மணல் இருந்ததா, கரி சரியாகக் கலக்காமல் கட்டிதட்டியதா, வெட்டும்போது கத்தி முனை பட்டு அங்கிருந்து கிழிசல் ஓடியதா, எல்லாம் அந்த முகத்தில் தெரியும். தானாகக் கிழிந்த ரப்பர் மங்கலாக, சொரசொரப்பாக இருக்கும். வெட்டிய ரப்பர் பளபளவென்று இருக்கும். இதை அவர் வருஷக்கணக்காகப் பார்த்துவந்தார்.

அவருடைய வாழ்க்கையை வேறெப்படிச் சொல்வது? ஹாலே நகரத்தை ஒட்டி, ஆலைக்காரர்களுக்காக எழுப்பிய கான்கிரீட் அடுக்குமாடியில் மூன்றாவது மாடி, இரண்டு அறை. மனைவி இருந்தாள். ரோஸ்டாக் துறைமுகத்தில் வேலை பார்த்த ஒருவனோடு போய்விட்டாள். அதில் பெரிய சோகக்கதை ஒன்றுமில்லை. அவள் கேட்டாள், இவர் சரியென்றார், நீதிமன்றத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆளுக்கொரு டிராம் ஏறினார்கள். சோகம் அதற்கப்புறம்தான் வந்தது, அதுவும் மெதுவாக. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மாடிப்படியெங்கும் காபி மணக்கும்போது, தனக்கும் ஒரு கோப்பை போட்டுக்கொண்டு எதிர் நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். யாரும் அவரை வெறுக்கவில்லை. ஒருவருக்கும் அவரிடம் வேலையில்லை, அவ்வளவுதான். அழைப்புமணி கெட்டுவிட்டதோ என்று ஒருமுறை வெளியே போய்த் தானே அழுத்திப் பார்த்துவிட்டு வந்தார். மணி நன்றாகத்தான் இருந்தது.

எழுபதுகளின் கடைசியில் ஓர் ஆகஸ்ட் மாதம் ஜாடி வளையத்துக்குத் தட்டுப்பாடு வந்தது. கிழக்கு ஜெர்மனியில் தட்டுப்பாடு புதிதல்ல. ஆனால் ஊரோரத்தில் எல்லாரும் வைத்திருந்த குத்தகைத் தோட்டங்களில் வெள்ளரியும் புளிப்புச் செர்ரியும் ஒரே வாரத்தில் காய்த்துத் தொங்கும்போது கடையில் வளையம் இல்லையென்றால் என்ன செய்வது? குளிர்காலம் முழுக்கச் சாப்பிட வேண்டிய பழம் அது. கண்ணாடி ஜாடியில் பழத்தைப் போட்டு, வாயில் ரப்பர் வளையத்தை வைத்து, கண்ணாடி மூடியால் மூடி, கம்பியால் இறுக்கி, கொதிநீரில் வேகவைக்க வேண்டும். ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி மூடியைப் பிடித்துக்கொள்ளும். வளையம் இல்லாத ஜாடி வெறும் கண்ணாடி.

தரைத்தளத்துக் கோல்பே மாடிப்படியில் நின்று கத்திக்கொண்டிருந்தார். அந்தப் படிக்கட்டின் நல்லது கெட்டது எல்லாம் அவர் வாய் வழியாகத்தான் வெளியே வரும்.

"ஊருக்கே டயருக்கு ரப்பர் செஞ்சு அனுப்புறோம், நம்ம ஜாடிக்கு ஒரு வளையம் இல்ல! ஹெர் கிட்ஸிங், நீங்க அங்கதானே இருக்கீங்க? நாள் பூரா ரப்பர அறுத்துத் தூரத்தானே போடறீங்க?"

"ஆமா," என்றார் கிட்ஸிங்.

"அறுக்கிறதுக்குப் பதிலா ஒருநாளாவது வட்டமா வெட்டுங்களேன்!"

எல்லாரும் சிரித்தார்கள். கிட்ஸிங் யோசித்துக்கொண்டே மாடியேறினார். சோதனைத் தகட்டின் அளவுக்கு ஒரு தகட்டில் ஒரு வளையம் கச்சிதமாக வரும். ஆலைக் கருவிப்பட்டறையில் தெரிந்தவர் ஒருவர் வட்டமாக வெட்டும் அச்சு செய்து கொடுத்தார். வேலை முடிந்த பிறகு, மிச்சத் தகடுகளில் கிட்ஸிங் வளையம் வெட்டினார். கடையில் கிடைப்பது சிவப்பு. இவருடையது கரி கலந்த கறுப்பு. சோடா போட்டு இரண்டு தண்ணீர் கொதிக்கவைத்தால் வாடை போய்விடும் என்று சொல்லித்தான் கொடுத்தார். போகவில்லை. அந்த வருஷத்து வெள்ளரிக்காயில் கொஞ்சம் பஸ் டயர் வாசனை வந்தது, ஆனால் ஒரு ஜாடிகூடக் கெடவில்லை.

ஒரே ஒரு குறை. கடை வளையத்தில் வெளியே நீட்டிக்கொண்டு ஒரு சின்ன நாக்கு இருக்கும். ஜாடியைத் திறக்க அதைப் பிடித்து இழுத்தால் போதும். இவருடைய அச்சு சுத்தமான வட்டம். நாக்கு இல்லை. வெற்றிடம் பிடித்த மூடியைக் கத்தியால் நெம்பினால் கண்ணாடி சில்லு தெறிக்கும். அதனால் நவம்பர் பிறந்ததும் மூன்றாவது மாடி அழைப்புமணி அடிக்க ஆரம்பித்தது.

பழைய இயந்திரத்திலிருந்து கழற்றிப்போட்ட கவ்வி ஒன்றை அவர் வீட்டில் வைத்திருந்தார். தட்டையான, மெல்லிய வாய். மூடிக்கு வெளியே நூலளவு தெரியும் ரப்பர் விளிம்பை அதனால் கவ்வி மெதுவாக இழுப்பார். இழுத்த இடத்தில் ரப்பர் ஒல்லியாகும், ஸ்ஸ் என்று காற்று உள்ளே போகும், மூடி கையோடு வரும். நன்றி சொல்லி ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் பழம் வைத்துவிட்டுப் போவது படிக்கட்டில் வழக்கமாகிவிட்டது. அந்தக் குளிர்காலம் கிட்ஸிங் தன் சொந்தத் தோட்டத்துப் பழத்தைத் தொடவேயில்லை.

கவ்வியை அவர் யாருக்காவது இரவல் கொடுத்திருக்கலாம். கோல்பே கேட்டுக் கேட்டுப் பார்த்தார். ஆலைச் சொத்து, வெளியே கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். வளையம் மட்டும் யார் சொத்தாம்? கோல்பேக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை.

நான்காவது மாடி ஹைட்ரூன் லின்ட்னர் மட்டும் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போகமாட்டார். தையல் ஆலையில் துணி வெட்டும் பிரிவில் வேலை. கணவர் இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. முதல் தடவை வந்தபோது ஜாடி திறந்ததும், "கரண்டி இருக்கா?" என்று கேட்டார். இருந்தது. உட்கார்ந்துவிட்டார். இருவரும் ஆளுக்கொரு கிண்ணத்தில் செர்ரி சாப்பிட்டார்கள். கொட்டையைத் தட்டில் போடும் சத்தம் தவிரப் பெரிதாகப் பேச்சு ஒன்றுமில்லை. அடுத்த ஞாயிறும் வந்தார். அதற்கடுத்த ஞாயிறும். அவரிடம் நிறைய ஜாடிகள் இருந்தன.

"அது எப்படி இழுத்தா காத்து போகுது?" என்று ஒருநாள் கேட்டார்.

"ரப்பர் நீளுமே ஒழிய பெருகாது. இந்தப் பக்கம் நீண்டா அந்தப் பக்கம் ஒல்லியாயிடும். அந்தச் சந்து போதும் காத்துக்கு."

"அப்ப நாக்கு வச்சா நானே இழுத்துக்குவேன். உங்களுக்கு ஏன் தொந்தரவு?"

கிட்ஸிங் கரண்டியை வைத்தார். "கிழியும்," என்றார்.

"கடை வளையம் கிழியலையே?"

"அதுல மரத்து ரப்பர் இருக்கு. ரப்பருக்குள்ள கண்ணுக்குத் தெரியாத நூலு நூலா இருக்கும், அதுல எல்லாம் ஒரே மாதிரி. இழுத்தா வரிசையா நின்னுக்கும், கிழிசல் அதத் தாண்ட முடியாது. நாங்க செய்றது ரெண்டு சரக்கு கலந்த நூலு. ஒண்ணு எங்க வரும், இன்னொண்ணு எங்க வரும்னு ஒழுங்கு கிடையாது. வரிசைக்கு வராது. ஒரு மூலையில கிழிசல் விழுந்தா விறுவிறுன்னு ஓடிடும்."

இதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் இதற்கு மேலும் கொஞ்சம் இருந்தது, அதை அவர் சொல்லவில்லை. கரித்தூளை மாற்றினால், கந்தகத்தைக் கொஞ்சம் குறைத்தால், கிழியாத நாக்குச் செய்ய முடியும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் அடுத்த கோடையிலும் அதே நாக்கில்லாத வளையத்தைத்தான் வெட்டினார். அந்த வருஷமும் கடையில் வளையம் இல்லை. கிட்ஸிங் அதற்காக மனசுக்குள் சந்தோஷப்பட்டார். தட்டுப்பாட்டுக்காகச் சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் அந்த மாவட்டத்தில் அவராகத்தான் இருந்திருப்பார்.

அந்த ஏற்பாடு இரண்டாவது குளிர்காலத்தில், பிப்ரவரியில் முறிந்தது. கிட்ஸிங்குக்கு மதிய ஷிப்ட். வீடு திரும்பும்போது கீழே கோல்பே காத்திருந்தார்.

"உங்கள எங்கெல்லாம் தேடுறது! லின்ட்னர் அம்மா கையக் கிழிச்சுக்கிட்டாங்க."

"எப்படி?"

"தங்கச்சி வந்திருந்தாங்களாம். ஜாடியத் தூக்கிக்கிட்டு உங்க கதவத் தட்டியிருக்காங்க. நீங்க இல்ல. கத்தியால நெம்பியிருக்காங்க. மூடி ஒடைஞ்சு உள்ளங்கையில ஏறிடுச்சு. வலது கை. ஆஸ்பத்திரியில தச்சு அனுப்பியிருக்காங்க." கோல்பே குரலைத் தாழ்த்திக்கொண்டார். அது அவருக்கு அபூர்வம். "கத்திரி புடிக்கிற கை, ஹெர் கிட்ஸிங்."

கிட்ஸிங் மேலே ஏறினார். தன் கதவைத் தாண்டி நான்காவது மாடிக்குப் போனார். அந்தக் கட்டடத்துக்கு வந்ததிலிருந்து அவர் நான்காவது மாடிக்கு ஏறியதே இல்லை. கதவைத் திறந்த லின்ட்னரின் கை வெள்ளைத் துணியில் பொதிந்து கிடந்தது.

"கோல்பே ஊரெல்லாம் சொல்லிட்டாரா?" என்றார் அவர். "உள்ள வாங்க. காபி நீங்கதான் போடணும், என்னால கெட்டிலத் தூக்க முடியாது."

கிட்ஸிங் காபி போட்டார். கோப்பையை லின்ட்னரின் இடது கைப்பக்கம் நகர்த்தி வைத்தார். கடைசியில் காபியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நாக்கு செய்யலாம்."

"கிழியும்னு சொன்னீங்களே?"

"கிழியாத மாதிரியும் செய்யலாம்."

லின்ட்னர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். ஏன் முன்னாலேயே செய்யவில்லை என்று கேட்பார் என்று கிட்ஸிங் காத்திருந்தார். காது நுனி சுட்டது. லின்ட்னர் கேட்கவில்லை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலைப் பார்த்து, அதன் பிறகு மறுபடி இவரைப் பார்த்தார்.

"எங்க கிழியும்? நாக்கு முழுக்கவா, இல்ல அடியிலயா?"

"அடியில. வளையத்தோட சேர்ற மூலையில."

"மூலையக் கூரா வெட்டுவீங்களோ?"

"ஆமா."

"துணியிலயும் அதேதான். அக்குள்ல மூலை கூரா இருந்தா ரெண்டே துவையல்ல கிழிஞ்சுடும். வளைச்சு வெட்டணும், ஹெர் கிட்ஸிங். இழுப்பு ஒரே எடத்துல குவியாம பரவிப் போகணும்." இடது கை விரலால் மேஜை விரிப்பில் ஒரு வளைவு வரைந்து காட்டினார். இடது கைக்கு அது கோணலாகத்தான் வந்தது.

அன்றிரவு கிட்ஸிங்குக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதுவது வழக்கம். நன்றாகத் தூங்கினார். முடிவெடுத்துவிட்ட மனிதர்கள் தூங்கிவிடுவார்கள். முடிவின் விலை என்ன என்று காலையில் பல் துலக்கும்போதுதான் உறைத்தது. நல்ல நாக்கு வந்துவிட்டால் அவர் வீட்டு மணி அடிக்க ஒருவருக்கும் காரணம் இருக்காது.

ஆனாலும் செய்தார். வசந்தம் முழுக்க, வேலை முடிந்ததும் ஒரு மணி நேரம் ஆய்வுக்கூடத்திலேயே தங்கினார். விஷயம் லேசானதல்ல. ரப்பர் என்பது நீளநீளமான நூல்கள் சிக்கிக் கிடக்கும் கூளம். சும்மா விட்டால் இழுத்த பக்கம் நழுவிப் போய்விடும், திரும்பி வராது. வேகவைக்கும்போது கந்தகம் ஒரு நூலையும் பக்கத்து நூலையும் சேர்த்து முடிச்சுப் போடுகிறது. முடிச்சுகள்தான் ரப்பரை விட்ட இடத்துக்குத் திரும்ப இழுத்துவருகின்றன. முடிச்சு குறைந்தால் வளையம் சூட்டில் தளர்ந்து, மூடியின் கீழ் நசுங்கி, ஓரமாகப் பிதுங்கிவிடும். முடிச்சு கூடினால் நசுங்காது. ஆனால் நூல்களுக்கு விட்டுக்கொடுக்க இடமில்லாமல், சின்னக் கீறல் விழுந்தாலே பட்டென்று போய்விடும். வளையம் நிறைய முடிச்சு கேட்கிறது. நாக்கு கொஞ்சம் முடிச்சுதான் கேட்கிறது. இரண்டும் ஒரே தகட்டில் இருந்தாக வேண்டும்.

கந்தகத்தைக் குறைத்துப் பார்த்தார். நாக்கு அருமையாக நீண்டது, வளையம் கொதிநீரில் நெளிந்து விலகியது. கந்தகத்தை ஏற்றினார். வளையம் அசையாமல் நின்றது, நாக்கு இரண்டாவது இழுப்பில் கையோடு வந்தது. இன்னும் பொடியான கரித்தூளைப் போட்டார். ஒவ்வொரு கரித் துகளையும் நூல்கள் போய்ப் பற்றிக்கொள்ளும், கிழிசல் அதைச் சுற்றிக்கொண்டு போவதற்குள் களைத்துவிடும். அது கொஞ்சம் உதவியது. முடிச்சிலேயே இரண்டு வகை உண்டு. கந்தகம் நீளச் சங்கிலியாகப் போடும் முடிச்சு கொதிசூட்டில் அவிழ்ந்து வேறிடத்தில் கட்டிக்கொள்ளும், அதனால் வளையம் தன் பழைய உருவத்தை மறந்துவிடும். கந்தகத்தைக் குறைத்து, அதை முடுக்கிவிடும் ஊக்கிப் பொடியைக் கூட்டினால் குட்டை முடிச்சுகள் விழும், அவை இடம் மாறாது. எண்ணிக்கையில் குறைவாக, ஆனால் குட்டையான முடிச்சுகளாகப் போட்டுப் பார்த்தார். கிட்டத்தட்ட வந்துவிட்டது.

பக்கத்து மேஜை ட்ராவ்டெல் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவரோடு பல வருஷமாக வேலை பார்ப்பவள், வாய் நீளம்.

"யாருக்குய்யா இவ்ளோ பெரிய மோதிரம் செய்ற, ரைன்ஹோல்ட்? அவ விரலு என்ன, புகைபோக்கி தடிமனா?"

"ஜாடிக்கு."

"ஜாடிக்காக ஒரு மனுஷன் வீட்டுக்குப் போகாம இருப்பானா? நான் நம்பணும்?" அவள் கிழிந்த நாக்கு ஒன்றைக் கையில் எடுத்து இழுத்துப் பார்த்தாள். "அளவுகோல் ரப்பர் கொஞ்சம் சேர்த்துப் பாரேன்."

அளவுகோல் ரப்பர் என்றால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் அசல் மரத்து ரப்பர். கடல் கடந்து வந்தது. புகைபோட்ட மாமிச நிறம், அதே மணம். கிட்ஸிங் இல்லையென்று தலையாட்டினார். ட்ராவ்டெல் அலமாரிச் சாவியை அவர் மேஜையில் வைத்துவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவர் ஒரு துண்டு வெட்டியெடுத்தார். பிசைந்தார், வேகவைத்தார், ஆறப்போட்டார். கருவிப்பட்டறைக்காரரிடம் புது அச்சு வாங்கியிருந்தார். அதில் நாக்கின் அடி இரண்டு பக்கமும் வளைந்து வளையத்தோடு சேர்ந்தது, லின்ட்னர் மேஜை விரிப்பில் வரைந்த மாதிரியே. மறுநாள் அதை இயந்திரத்தில் மாட்டினார். நாக்கு நீண்டது, மேலும் நீண்டது, விட்டதும் வந்த வழியே திரும்பியது. எத்தனையோ தடவை இழுத்தார். கிழியவில்லை. அவருடைய வேலையில் ஒரு பொருள் அறுபடாமல் நின்றதற்காக அவர் மகிழ்ந்தது அதுதான் முதல் தடவை. மகிழ்ச்சி டிராம் நிறுத்தம் வரைக்கும் நீடித்தது.

கோடையில் வளையங்களைப் பங்கிட்டார். கோல்பே நாக்கைப் பிடித்து இழுத்துப் பார்த்து, "அடேயப்பா, என் மாமியார் நாக்கவிடக் கெட்டி!" என்று படிக்கட்டே அதிரச் சிரித்தார். லின்ட்னரின் கை ஆறியிருந்தது. உள்ளங்கையில் குறுக்கே ஒரு வெள்ளைத் தழும்பு. அவர் வளையத்தின் நாக்கடியில் இருந்த வளைவைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"நல்லா வெட்டியிருக்கீங்க."

"நீங்க சொன்னதுதான்."

"இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்ல," என்றார் லின்ட்னர்.

"இல்ல," என்றார் கிட்ஸிங்.

நவம்பர் வந்தது. யாரும் வரவில்லை. இது நடக்கும் என்று தெரிந்துதான் செய்தார். ஆனாலும் தெரிந்திருப்பது வேறு, உட்கார்ந்திருப்பது வேறு. ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் காபியோடு உட்கார்ந்தால், காற்றோட்டத்துக்காக விட்டிருந்த குழாய் வழியாக மேலே லின்ட்னர் வீட்டுச் சத்தமெல்லாம் கேட்கும். தட்டு வைக்கும் சத்தம். அலமாரி திறக்கும் சத்தம். அப்புறம் அந்த ஸ்ஸ். ஒரே இழுப்பு, சுத்தமான இழுப்பு. தான் செய்த பொருள் தவறாமல் வேலை செய்கிற சத்தத்தை அவர் கீழே உட்கார்ந்து கேட்டார். நாக்கு கிழியவில்லை. கிழிந்திருக்கலாமே என்று ஒரு நொடி நினைத்துவிட்டு, நினைத்ததற்காக வெட்கப்பட்டார்.

மற்ற வீடுகளோடு பழக்கம் விட்டுப்போக அதிக நாள் ஆகவில்லை. கோல்பே மாடிப்படியில் பார்த்தால் கையை ஆட்டிவிட்டுப் போவார். இரண்டு குளிர்காலமாக வாரம் ஒரு கிண்ணம் பழம் கொண்டுவந்த குடும்பங்களுக்கு, அவரிடம் இப்போது என்ன பேசுவது என்று தெரியவில்லை. இவருக்கும் தெரியவில்லை. கவ்வியை அடுப்புக்கு மேலே ஆணியில் மாட்டியிருந்தார். கழற்றி டிராயரில் போட்டுவிடலாம் என்று பலதடவை கை போகும். போடவில்லை.

கிறிஸ்துமஸுக்குத் தன் தோட்டத்துச் செர்ரி ஜாடி ஒன்றைத் திறந்தார். தானே இழுத்தார், ஸ்ஸ் என்றது, தானே சாப்பிட்டார். பாதி ஜாடி மிச்சமானது. ஒற்றை ஆள் வீட்டில் திறந்த ஜாடி நாள்கணக்கில் கிடக்கும். கடைசியில் பூஞ்சை பிடித்தது, கொட்டிவிட்டார். அதைக் கொட்டும்போதுதான் அவருக்கு உண்மையாகவே அழுகை வந்தது. தனக்கே அது விசித்திரமாக இருந்தது. மனைவி போனபோதுகூட அழாதவர், ஒரு பிடி கெட்ட செர்ரிக்கு அழுதார்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காபி நேரத்தில், அழைப்புமணி அடித்தது.

லின்ட்னர் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையிலும் ஒரு ஜாடி. புளிப்புச் செர்ரி. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"நாக்கு கிழிஞ்சுபோச்சு, ஹெர் கிட்ஸிங்."

"கிழிஞ்சுதா?"

"இழுத்தேன். கையோட வந்துடுச்சு."

கிட்ஸிங் ஜாடியை வாங்கிக்கொண்டார். அவர் மனசு முதலில் ஓடியது ரப்பருக்குத்தான். எந்தத் தகடு இது? கரி கட்டிதட்டியிருந்ததா? பழக்கதோஷத்தில் ஜாடியைச் சமையலறை ஜன்னலுக்குக் கொண்டுபோய், நாக்கு இருந்த இடத்தை வெளிச்சத்தில் திருப்பினார்.

முகம் பளபளவென்று இருந்தது. சொரசொரப்பு இல்லை, மங்கல் இல்லை. நேர்க்கோடு. நாக்கு வளையத்தோடு சேரும் அந்த வளைவைக் கொஞ்சம்கூடத் தொடாமல், ஒரு நூல் மேலே விட்டு, அளந்த மாதிரி. நடுவில் மட்டும் மயிரிழை அளவுக்கு ஒரு படி. கத்திரிக்கோல் ஒரு கடி கடித்து, திறந்து, இரண்டாவது கடி கடித்த இடம். வாழ்நாள் முழுக்கத் துணி வெட்டிய கை வெட்டிய வெட்டு அது. தழும்பு விழுந்த கை என்பதால்தான் ஒரே கடியில் முடியவில்லை போலிருக்கிறது.

கிட்ஸிங் திரும்பிப் பார்த்தபோது லின்ட்னர் அடுப்புக்கு மேலே ஆணியில் தொங்கிய கவ்வியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிழிஞ்சுதான் போயிருக்கு," என்றார் கிட்ஸிங்.

"நானும் அதான் நெனச்சேன்."

"செயற்கை ரப்பர் இல்லையா. குளிருல அப்படித்தான்."

"மத்த ஜாடியெல்லாம் எப்படி? அதுவும் கிழியுமா?"

கிட்ஸிங் யோசிப்பதுபோல ஜாடியை மறுபடி பார்த்தார். "கிழியும்னுதான் தோணுது. மொத்தமா இல்ல. ஒவ்வொண்ணா."

"ஞாயித்துக்கிழமைக்கு ஒண்ணு?"

"அப்படித்தான் கிழியும்."

லின்ட்னர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கிட்ஸிங் கவ்வியை எடுத்து ரப்பர் விளிம்பைப் பிடித்து மெதுவாக இழுத்தார். ஸ்ஸ் என்றது. மூடியை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு, இரண்டாவது கிண்ணத்தை எடுக்க அலமாரியைத் திறந்தார். அது பின்னால் போய்த் தூசி படிந்து கிடந்தது. கழுவித் துடைத்து எடுத்துவந்தார்.